ஓவர்டைம் எங்கே தொடங்குகிறது

தையல் ஃபேக்டரியில் இரவு வெகுநேரம் விளக்கு எரிந்தால், ஏன் என்று எல்லோரும் கேட்பது லைன் சூப்பர்வைசரைத்தான். வேலைச்சூழலைச் சோதிக்க வரும் ஆடிட்டர் கேட்பார், தொழிலாளர் துறை அதிகாரி கேட்பார். "ஷிப்மென்ட் இருக்கு சார்" என்பார் அவர். பதில் நோட்டில் ஏறும், பேச்சு அங்கேயே முடிந்துவிடும். அந்த ஷிப்மென்ட் தேதியை வைத்தது யார், அதற்குள் முடியாது என்று எப்போது தெரிந்தது, தெரிந்த பிறகும் தேதி ஏன் நகரவில்லை? இதற்கெல்லாம் பதில் அந்த ஹாலுக்குள் இருக்காது.

ஏற்றுமதி ஆடைத் தொழிலில் நான் முதலில் மெர்ச்சண்டைசராக இருந்தேன். வெளிநாட்டு பையரோடு விலை பேசுவது, சாம்பிள் அனுப்புவது, தேதி ஒப்புக்கொள்வது அந்த வேலை. பிறகு கம்ப்ளையன்ஸ் பக்கம் மாறினேன். வேலை நேரம், கூலி, பாதுகாப்பு எல்லாவற்றுக்கும் பதிவேடு வைத்து ஆடிட்டரிடம் காட்டுவது அங்கே வேலை. இந்த இரண்டு மேசையிலும் உட்கார்ந்தவர்கள் குறைவு. ஒரு மேசைக்கு வரும் மெயில் மற்ற மேசைக்குத் தெரியாது. பையர் கம்பெனியிலும் அதே கதைதான். விலையை அடிக்கும் கொள்முதல் ஆளும், கூலி ஒழுங்காகப் போகிறதா என்று விசாரிக்கும் ஆளும் ஒரே கட்டடத்தில் இருந்தும் பேசிக்கொண்டதே இல்லையோ என்று தோன்றும். ஒரு பொருள் பல நாடுகளில் கைமாறி உருவாகும் இந்த உலக மதிப்புச் சங்கிலியில் வேலைச்சூழல் ஏன் கெடுகிறது என்று கேட்டால், நான் முதலில் காட்டுவது இந்த இடைவெளியைத்தான்.

விலையிலிருந்து ஆரம்பிக்கிறேன். ஒவ்வொரு ஆர்டருக்கும் 'டார்கெட் பிரைஸ்' என்று ஒரு எண் வரும். அது நம் செலவைக் கூட்டி வந்த எண் கிடையாது. கடையில் என்ன விலைக்கு விற்க வேண்டும் என்று முடிவு செய்து, அங்கிருந்து பின்னோக்கிக் கழித்துக்கொண்டே வந்த எண். காஸ்டிங் ஷீட்டை விரித்தால் நூல், துணி, சாயம் இவற்றிலேயே பாதிக்கு மேல் போய்விடும். அவற்றின் விலை நம் கையில் இல்லை. பட்டன், ஜிப், லேபிள் எல்லாம் பெரும்பாலும் பையர் கைகாட்டிய சப்ளையரிடம், அவர்கள் பேசி வைத்த விலைக்கே வாங்க வேண்டும். வங்கிச் செலவு, போக்குவரத்து குறையாது. மிஞ்சுவது இரண்டு வரி: தையல் கூலி, நம் லாபம். லாபம் ஏற்கனவே மெலிந்துதான் இருக்கும்.

கூலியை நேரடியாகக் குறைக்க முடியாது, குறைந்தபட்சக் கூலிச் சட்டம் இருக்கிறது. அதனால் குறைவது நிமிடம். ஒரு சட்டையைத் தைக்க இத்தனை நிமிடம் என்று ஒரு கணக்கு உண்டு, எஸ்ஏஎம் என்பார்கள். 22 நிமிடம் பிடிக்கும் சட்டைக்கு 18 என்று ஷீட்டில் போட்டால் விலை அழகாகப் பொருந்திவிடும். விட்டுப்போன அந்த 4 நிமிடம் எங்கும் போய்விடாது. மணிக்கு இத்தனை பீஸ் என்ற டார்கெட்டாக லைன் போர்டில் வந்து நிற்கும். எட்ட முடியாதவர்கள் தண்ணீர் குடிக்காமல் தைப்பார்கள். குடித்தால் பாத்ரூம் போக வேண்டுமே. மணி அடித்த பிறகும் உட்கார்ந்து முடித்துவிட்டுப் போவார்கள், அந்த நேரம் சில இடங்களில் ஓவர்டைம் கணக்கிலேயே வராது. யாரும் யாரையும் ஏமாற்ற உட்கார்ந்து திட்டம் போடவில்லை. ஷீட்டில் ஒரு எண் மாறியது, அவ்வளவுதான்.

சர்வதேசத் தொழிலாளர் அமைப்பான ஐஎல்ஓ 2017-இல் வெளியிட்ட கணக்கெடுப்பில், பதில் சொன்ன சப்ளையர்களில் 39 சதவீதம் பேர் உற்பத்திச் செலவுக்கும் கட்டுப்படாத விலைக்கு ஆர்டர் எடுத்ததாகச் சொன்னார்கள். வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு இது விசித்திரமாக இருக்கும். உள்ளே இருப்பவர்களுக்குக் காரணம் தெரியும்: மெஷின் சும்மா நின்றால் நஷ்டம் இன்னும் அதிகம், இந்த சீசனை விட்டால் அடுத்த சீசன் அந்த பையர் வேறு நாட்டுக்குப் போய்விடுவார்.

இதில் ஓரளவு பலன் கொடுத்த வழி ஒன்று உண்டு. தையல் கூலியை 'சிஎம்' (கட் அண்ட் மேக், அதாவது வெட்டித் தைக்கும் செலவு) என்று ஒரே தொகையாகக் கொடுக்காமல் உடைத்துக் கொடுப்பது. நிமிடம் இத்தனை, லைனின் உண்மையான திறன் இத்தனை சதவீதம், ஒரு நிமிடத்துக்குக் கூலி இவ்வளவு, அதில் விடுப்புச் சம்பளம், காப்பீடு, வைப்பு நிதி அடக்கம் என்று தனித்தனி வரி. பையர் விலையைக் குறைக்கச் சொன்னால், இந்த வரிகளைத் தொடாமல் டிசைனில் பேசலாம் என்று சொல்வது. பாக்கெட்டின் இரட்டைத் தையலை ஒற்றையாக்கினால், உள்ளே தெரியாத ஒரு டேப்பை எடுத்துவிட்டால் இரண்டு நிமிடம் நிஜமாகவே குறையும். நிமிடம் குறைந்து விலை குறைவது நியாயம். நிமிடம் அப்படியே இருக்க விலை மட்டும் குறைவதைத்தான் எதிர்க்க வேண்டும். எல்லா பையரும் கேட்க மாட்டார்கள். ஆனால் எண்ணாக எழுதி வைத்துவிட்டால், "இன்னும் கொஞ்சம் பார்த்துப் போடுங்க" என்று பொத்தாம்பொதுவாகக் கேட்பது அவர்களுக்கே சங்கடமாகிவிடும்.

அதோடு ஒப்பந்தத்தில் இன்னொரு வரியும் வேண்டும். ஆர்டர் ஒப்புக்கொண்ட பிறகு, உற்பத்திக்கு முன் அரசு குறைந்தபட்சக் கூலியை உயர்த்தினால் விலையும் உயரும் என்ற வரி. பங்களாதேஷில் ஆடைத் தொழிலாளியின் குறைந்தபட்ச மாதக் கூலி 2013-இல் 3,000 டாக்காவிலிருந்து 5,300 ஆனது, 2018-இல் 8,000, 2023-இல் 12,500. வாழ்க்கைச் செலவோடு பார்த்தால் இதுவும் போதாது என்றுதான் அங்குள்ள தொழிலாளர்கள் போராடினார்கள். ஆனால் ஒரே நாளில் கூலி பாதிக்கு மேல் உயரும்போது, மூன்று மாதம் முன்பு பேசிய விலையிலேயே சரக்கைத் தர வேண்டிய முதலாளி அந்த வித்தியாசத்தை எங்கே எடுப்பார்? ஆள் குறைப்பார், டார்கெட்டை ஏற்றுவார். கூலி உயர்வின் பலனை வலது கையால் கொடுத்து இடது கையால் பிடுங்கும் வேலை இப்படித்தான் நடக்கிறது.

அடுத்தது காலண்டர். வெளியில் யாரும் பேசாத விஷயம், என் கணக்கில் விலையைவிட மோசமானது. ஆர்டர் கையில் வந்ததிலிருந்து சரக்கு கிளம்பும் வரை ஒரு அட்டவணை போடுவோம். துணியின் நிறத்துக்கு பையர் ஒப்புதல் இந்தத் தேதி, பிரிண்டுக்கு இந்தத் தேதி, அளவு சாம்பிளுக்கு இந்தத் தேதி, வெட்டு, தையல், பேக்கிங், கிளம்பும் நாள். அந்தப் பக்கம் ஒருவர் லீவில் போவார், நிறம் ஒரு சாயல் கூடியிருக்கிறது என்று திருப்பி அனுப்புவார், டிசைனர் காலரை மாற்றுவார். ஒப்புதல் தள்ளித் தள்ளிப் போகும். கிளம்பும் நாள் மட்டும் ஒரு நாளும் தள்ளாது. தாமதமானால் விமானத்தில் நம் செலவில் அனுப்ப வேண்டும், அல்லது நமக்கு வர வேண்டிய பணத்தில் பிடித்துக்கொள்ளும் டெபிட் நோட் வரும், அல்லது தள்ளுபடி கேட்பார்கள். விமானச் செலவு ஒரு ஆர்டரின் மொத்த லாபத்தையும் விழுங்கிவிடும். அதோடு ஒப்பிட்டால் இரண்டு வாரம் இரவு ஷிஃப்ட் போடுவது மலிவு. முதலாளி இதயமற்றவரா இல்லையா என்பதெல்லாம் இங்கே இரண்டாவது கேள்வி. கணக்கு ஒரே பக்கம்தான் சாய்கிறது.

அதனால் மெர்ச்சண்டைசராக இருப்பவர்களுக்கு நான் சொல்வது: ஒவ்வொரு ஒப்புதலும் எந்தத் தேதி வர வேண்டும், எந்தத் தேதி வந்தது என்று ஒரு தாளில் எழுதி, வாரம் ஒருமுறை பையருக்கு மெயிலில் அனுப்புங்கள். சண்டைக்காக வேண்டாம், தகவலாகவே அனுப்புங்கள். "நிற ஒப்புதல் ஒன்பது நாள் தாமதம், கிளம்பும் தேதியும் ஒன்பது நாள் தள்ளும், உறுதிப்படுத்தவும்." ஃபோனில் பேசி முடித்தால் எதுவும் நிற்காது. ஃபோனில் பேசியதையும் பிறகு மெயிலில் எழுதி வையுங்கள். டெபிட் நோட் வரும்போது இந்தத் தாள்தான் பேசும். கம்ப்ளையன்ஸ் மேசைக்கும் ஒரு நகல் கொடுத்துவிட்டால், ஓவர்டைம் ஏன் என்று ஆடிட்டர் கேட்கும்போது சூப்பர்வைசரைப் பலி கொடுக்க வேண்டியதில்லை.

விலையும் பொருந்தவில்லை, நாளும் போதவில்லை என்றால் மூன்றாவது வழி, வேலையை வெளியே கொடுப்பது. பையரின் பட்டியலில் இல்லாத சின்ன யூனிட்டுக்கு வெட்டிய துணி போகும், தைத்த சட்டை திரும்பி வரும். அங்கே பதிவேடும் இருக்காது, அவசர வழியும் இருக்காது. வீட்டிலிருந்து பட்டன் கட்டுபவர்கள், நூல் வெட்டுபவர்கள் வரை அந்தக் கிளை போகும். ஒப்பந்தத்தில் இது கண்டிப்பாகத் தடை. ஆனால் தினமும் 2,000 சட்டை தைக்கும் ஃபேக்டரிக்குப் பத்து நாளில் 40,000 சட்டை கேட்டு ஆர்டர் போடும்போதே, பாதிச் சட்டை வெளியே போகும் என்பது கூட்டல் கழித்தல் தெரிந்த யாருக்கும் தெரியும். தடை என்பது பல நேரம் பிறகு கைகழுவ வசதியாக எழுதி வைத்த வரி. மறைக்காமல் அந்த யூனிட்டையும் பட்டியலில் சேர்க்கச் சொல்லிப் போராடுவதுதான் நல்லது. பாதி பையர்கள் மறுப்பார்கள். ஒப்புக்கொண்ட இடங்களில் அந்தச் சின்ன யூனிட்டுக்கு ஃபயர் எக்ஸ்டிங்க்விஷராவது வந்தது.

ஆடிட் பற்றி இனி. ஆடிட்டர்களில் நல்லவர்கள் உண்டு, நான் மதிக்கும் சிலர் உண்டு. ஆனால் முன்கூட்டியே தேதி சொல்லிவிட்டு, ஓரிரு நாளில், ஃபேக்டரியே பணம் கொடுக்கும் ஆடிட்டில் எவ்வளவு தெரியவரும்? கராச்சியில் ஒரு ஆடை ஃபேக்டரி 2012 செப்டம்பர் 11 அன்று எரிந்தது. ஜன்னல்களில் கம்பி, பூட்டிய கதவு. 250 பேருக்கு மேல் இறந்தார்கள். அதற்குச் சில வாரம் முன்புதான் அந்த இடத்துக்கு எஸ்ஏ 8000 என்ற சமூகத் தரச் சான்றிதழ் கிடைத்திருந்தது. அடுத்த ஆண்டு ஏப்ரல் 24 அன்று டாக்கா அருகே சாவரில் எட்டு மாடி ராணா பிளாசா இடிந்து 1,100 பேருக்கு மேல் இறந்தார்கள். முந்தின நாளே சுவரில் விரிசல் தெரிந்தது. கீழ்த்தளத்து வங்கி தன் ஆட்களை வெளியே அனுப்பியது. தையல் தொழிலாளர்களை மட்டும் மறுநாள் காலை உள்ளே போகச் சொன்னார்கள், போகாவிட்டால் சம்பளம் வராது என்ற பயம் அவர்களுக்கு. அந்த மாடிகளில் இருந்த சில ஃபேக்டரிகளிலும் ஆடிட் நடந்திருந்தது. கூலிப் பதிவேட்டைப் பார்க்க வந்தவர் தூணைப் பார்ப்பதில்லை.

அதன் பிறகு பங்களாதேஷ் ஃபேக்டரிகளின் தீ, கட்டடப் பாதுகாப்புக்காக வந்த 'அக்கார்டு' ஒப்பந்தம்தான் நான் பார்த்ததில் மற்ற எல்லாவற்றிலிருந்தும் வேறானது. 2013 மே மாதம் கையெழுத்தானது, 200-க்கும் மேற்பட்ட பிராண்டுகள் சேர்ந்தன. வித்தியாசம் எங்கே என்றால், பிராண்டுகள் தொழிற்சங்கங்களோடு போட்ட, சட்டப்படி கட்டுப்படுத்தும் ஒப்பந்தம் அது. ஆய்வு அறிக்கைகள் பொதுவில் வெளியாகும். பழுது பார்க்கப் பணம் இல்லை என்று ஃபேக்டரி சொன்னால், அது முடியும்படி செய்யும் பொறுப்பு பிராண்டுக்கும் உண்டு. சும்மா எழுதி வைத்த வரி இல்லை அது. 2016-இல் சங்கங்கள் இரண்டு பிராண்டுகளைத் தி ஹேக் நகரத்து நடுவர் மன்றம் வரை இழுத்தன, ஒரு வழக்கு 23 லட்சம் டாலர் சமரசத்தில் முடிந்தது. தன்னார்வமாகக் கையெழுத்திட்ட நெறிமுறைக்கு இந்தப் பல் கிடையாது.

கம்ப்ளையன்ஸ் வேலைக்குப் புதிதாக வருபவர்கள் பதிவேட்டை மட்டும் நம்ப வேண்டாம். கேட் பாஸ், ஜெனரேட்டர் டீசல் கணக்கு, பேக்கிங் ரிப்போர்ட், உடைந்த ஊசிப் பதிவேடு இவற்றை நேரப் பதிவோடு ஒப்பிட்டுப் பாருங்கள். விடுமுறை நாளில் ஊசி உடைந்திருந்தால், அன்று யாரோ தைத்திருக்கிறார்கள். தொழிலாளர்களிடம் ஃபேக்டரிக்குள் உட்கார்ந்து பேசினால் ஒப்பித்த பதில்தான் வரும். "எல்லாம் நல்லாத்தான் இருக்கு தம்பி" என்று என்னிடம் சொன்ன ஒரு அக்கா, வேலையை விட்டுப் போன பிறகு வெளியே பார்த்தபோது அரை மணி நேரம் விடாமல் பேசினார். அவர் முதலில் சொன்னது கூலியைப் பற்றி இல்லை, சூப்பர்வைசர் பேசும் பேச்சைப் பற்றி. எந்த ஆடிட் படிவத்திலும் அதற்கு உருப்படியாக ஒரு கட்டம் கிடையாது.

2020 மார்ச்சில் வந்தது வேறு விதமான பாடம். கொரோனாவால் கடைகள் மூடின, ஒரே வாரத்தில் மெயில்கள் குவிந்தன: ஆர்டர் ரத்து, தைத்து முடித்தது உட்பட. பங்களாதேஷில் மட்டும் ரத்தானதும் நிறுத்தி வைத்ததுமாக 300 கோடி டாலருக்கு மேல் என்று அங்குள்ள ஏற்றுமதியாளர் சங்கம் கணக்குச் சொன்னது. அப்போதுதான் பலர் ஒப்பந்தத்தை முழுதாகப் படித்தார்கள். துணிக்கு நாம் முன்பே பணம் கட்டியிருப்போம், சரக்கு போய் 60, 90 நாள் கழித்துத்தான் நமக்குப் பணம் வரும். இடையில் என்ன நடந்தாலும் நம் தலையில். கைமீறிய பேரிடரில் ஒப்பந்தம் கட்டுப்படுத்தாது என்னும் 'ஃபோர்ஸ் மஜூர்' என்ற விதியைக் காட்டிக் கைவிரித்தவர்களும் உண்டு, எடுத்த சரக்குக்குப் பணம் கொடுத்தவர்களும் உண்டு. பிற்பாடு வெளியிலிருந்து அழுத்தம் வந்து சில பிராண்டுகள் பணம் கொடுக்க ஒப்புக்கொண்டன. துணி வெட்டிய பிறகு ரத்து செய்தால் பொருள் செலவும் கூலியும் பையருடையது என்ற ஒரு வரி இல்லாமல் பெரிய ஆர்டரில் கையெழுத்துப் போடாதீர்கள். கேட்டால் ஆர்டர் போய்விடுமே என்பார்கள். சில நேரம் போகும்தான்.

உணவுப் பொருளில் ஐரோப்பிய ஒன்றியம் 2019-இலேயே இதற்குச் சட்டம் போட்டுவிட்டது: கெட்டுப்போகும் பொருளுக்கு 30 நாளில் பணம், மற்றவைக்கு 60 நாள், கெட்டுப்போகும் பொருளின் ஆர்டரைக் கடைசி நேரத்தில் ரத்து செய்யத் தடை. ஆடைக்கு அப்படி எதுவும் இல்லை. வாழைப்பழம் அழுகும், சட்டை அழுகாது என்று நினைத்திருப்பார்கள். சீசன் போன சட்டையை யார் வாங்குவார் என்று எங்களைக் கேட்டிருக்கலாம்.

இவ்வளவு சொன்னதால் இந்தச் சங்கிலியே வேண்டாம் என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ளக் கூடாது. அப்படிச் சொல்பவர்கள் பெரும்பாலும் வேறு சம்பளம் உள்ளவர்கள். 2013-இல் 40 நாடுகளில் 45 கோடிக்கும் அதிகமான வேலைகள் இந்தச் சங்கிலிகளைச் சேர்ந்தவை என்று ஐஎல்ஓ கணக்கிட்டது. ஒரு நாட்டின் சங்கிலிப் பங்கேற்பு 1 சதவீதம் உயர்ந்தால் தலா வருமானம் 1 சதவீதத்துக்கு மேல் உயரும் என்று உலக வங்கி 2020 அறிக்கையில் மதிப்பிட்டது. லைனில் உட்கார்ந்த பெண்களில் பலருக்கு அதுதான் தன் பெயரில் வந்த முதல் சம்பளம். அது சின்ன விஷயமில்லை, நான் கண்ணால் பார்த்தது.

பிரச்சினை முதல் படிக்கு அப்புறம் வருகிறது. தரம், வேகம், அளவு துல்லியம் இவற்றையெல்லாம் பையரே கூட இருந்து சொல்லிக் கொடுப்பார், அதில் அவருக்கு லாபம். டிசைன், பிராண்ட், நேரடி விற்பனை என்று நாம் கால் வைக்கும்போது முகம் மாறும். பிரேசிலின் சினோஸ் பள்ளத்தாக்கு காலணித் தொழில் இதற்குத் தெளிவான சான்று. அமெரிக்க பையர்களால் அது பெரிதாக வளர்ந்தது. டிசைனும் சந்தையும் மட்டும் பையரிடமே இருந்தன. அவர்களைப் பகைத்துக்கொள்ள வேண்டாம் என்று அங்குள்ள பெரிய நிறுவனங்கள் சொந்த வழியில் போகத் தயங்கின. 1990-களில் சீனக் காலணி மலிவாக வந்தபோது அவர்களிடம் விலையைக் குறைப்பதைத் தவிர வேறு ஆயுதம் இல்லை. உள்நாட்டுக்கும் பக்கத்து நாடுகளுக்கும் விற்றவர்களிடம்தான் சொந்த டிசைனும் பெயரும் வளர்ந்திருந்தன. அந்த வரலாற்றைப் படித்த பிறகு, ஒரே பையரிடம் எழுபது சதவீத வேலை என்று யாராவது பெருமையாகச் சொன்னால் எனக்கு வயிற்றைக் கலக்கும். சின்ன அளவிலாவது உள்ளூர்ச் சந்தைக்கு, சொந்த டிசைனில் ஒரு லைன் ஓட்டுங்கள் என்பேன். முதல் சில வருடம் அதில் ஒன்றும் மிஞ்சாது.

நம் கையில் இல்லாத காரணத்தாலும் சங்கிலி அறும். எத்தியோப்பியாவின் ஹவாசா தொழிற்பூங்கா 2016-இல் திறக்கப்பட்டது, மாதம் 26 டாலர் அளவிலான அடிப்படைக் கூலியைக் காட்டி உலக பிராண்டுகளை அழைத்தார்கள். உள்நாட்டுப் போரைக் காரணம் காட்டி 2022 ஜனவரி 1 முதல் அமெரிக்கா எத்தியோப்பியச் சரக்குக்குத் தந்த இறக்குமதி வரிச் சலுகையை நிறுத்தியது. ஆர்டர்கள் வேறு நாட்டுக்குப் போய்விட்டன. அந்தக் கூலியில் வேலை செய்த பெண்கள் போரிலும் இல்லை, அந்த முடிவிலும் இல்லை.

இப்போது, சப்ளையரிடம் வேலைச்சூழல் எப்படி இருக்கிறது என்று பெரிய கம்பெனிகளே கவனிக்க வேண்டும் என்ற புதுச் சட்டங்கள் வருகின்றன. பிரான்ஸ் 2017-இல் தொடங்கியது, ஜெர்மனியின் சப்ளை செயின் சட்டம் 2023 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது, ஐரோப்பிய ஒன்றியம் 2024-இல் ஒரு உத்தரவை நிறைவேற்றியது, அதன் வீச்சைக் குறைக்கும் வேலையை அடுத்த ஆண்டே ஆரம்பித்தது. நோக்கம் நல்லது. ஃபேக்டரிக்கு அது வந்து சேர்வது நீண்ட நீண்ட கேள்வித்தாளாக. கட்டாய உழைப்பு உண்டா, கழிவுநீர் எங்கே போகிறது, ஓவர்டைம் எத்தனை மணி. எல்லாக் கேள்வியும் கீழ்நோக்கியே.

நாங்கள் ஒருமுறை பதிலோடு அரைப் பக்கம் கூடுதலாக இணைத்தோம். கடந்த சீசனில் நீங்கள் சொன்ன முன்மதிப்பீடு எவ்வளவு, வந்த ஆர்டர் எவ்வளவு, ஒப்புதல்கள் சராசரியாக எத்தனை நாள் தாமதம், ஆர்டர் உறுதியான பிறகு டிசைன் எத்தனை முறை மாறியது, ஒரு சட்டையின் நிமிடம் என்ன, நீங்கள் தந்த விலையில் எத்தனை நிமிடத்துக்குப் பணம் இருந்தது. குற்றச்சாட்டு இல்லாமல், வெறும் எண்கள். ஒரு பையர் கூப்பிட்டுப் பேசினார். அடுத்த ஒப்பந்தத்தில், ஒப்புதல் தாமதமானால் கிளம்பும் தேதியும் அத்தனை நாள் தள்ளும் என்ற வரியைச் சேர்த்தார். அந்த சீசனில் அவருடைய லைனில் இரவு ஷிஃப்ட் கண்ணுக்குத் தெரியும்படி குறைந்தது. நிமிடக் கணக்கைப் பற்றி மட்டும் அவர் வாய் திறக்கவில்லை. மற்ற பையர்களிடமிருந்து, படிவம் முழுமையாகக் கிடைத்தது, நன்றி என்று தானியங்கி மெயில் வந்தது.